தபேதாருக்குக் குதிரை எங்கே?

12 ஜூன் 2023. பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

அண்ணாச்சி, டாங்கி ரெஜிமெண்டுகளுக்கு ‘ஹார்ஸ்’, ‘லான்சர்ஸ்’, ‘கேவல்ரி’ என்று குதிரைப்படைப் பேர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு குதிரை கிடையாது. ஜனவரி 26 அன்று டெல்லியில் குதிரையில் வந்து வாளைத் தூக்கிக் காட்டுவதற்கு மட்டும் ஒரு கூட்டம். இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஜம்பம் என்பது என் கட்சி. அதிலும் நம்ம திருநெல்வேலிச் சீமைக்கும் குதிரைப்படைக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. நீங்கள் டாங்கி ஓட்டினவர். மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

12 ஜூன், இரவு

பாதி சரி. ஜம்பம் உண்டு, நானே அனுபவித்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு நாளைக்கு வருகிறேன். கரண்ட் போய்விட்டது, செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

13 ஜூன்

ஜம்பத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் 1983-ல் சேர்ந்து 2005-ல் தபேதாராக வெளியே வந்தவன். காலாட்படையில் ஹவில்தார் என்றால் டாங்கி ஓட்டுகிற கவசப்படையில் தபேதார். சிப்பாய் என்று எங்களைச் சொல்லக்கூடாது, ‘சவார்’. சுபேதார் கிடையாது, ‘ரிசல்தார்’. கம்பெனி கிடையாது, ‘ஸ்குவாட்ரன்’. எல்லாம் குதிரைமேல் இருந்த காலத்துப் பேர்கள். கீழே நாற்பது டன் இரும்பு ஓடும், பேர் மட்டும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பேரால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். 1993-ல் அம்பாசமுத்திரம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். தரகர், “மாப்பிள்ளை தபேதார்” என்று சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்த ஆபீஸ்ல? தாலுகாவா, கலெக்டரா?” என்றார். எனக்கு விளங்கவில்லை. “பட்டாளத்துல மாமா” என்றேன். “பட்டாளத்துலயும் கலெக்டர் உண்டா?” என்று கேட்டார். அவர் மனதில் இருந்தது வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் போட்டு, கலெக்டர் காருக்குக் கதவு திறந்துவிடும் தபேதார். டாங்கி ஓட்டுகிறேன் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அப்புறம், “பென்ஷன் உண்டுல்லா?” என்று கேட்டுச் சம்மதித்தார். இன்றைக்கும் என் வீட்டில் இதைச் சொல்லித்தான் என்னை மட்டம் தட்டுகிறார்கள்.

15 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்: கலெக்டர் ஆபீஸ் தபேதாரும் பட்டாளத்துத் தபேதாரும் ஒரே சொல்லா, சும்மா ஒலி ஒற்றுமையா?

ஒரே சொல்தான். ‘தஃபா’ என்றால் ஒரு சிறு கூட்டம். அதற்குத் தலைவன் தஃபாதார். குதிரைப்படையில் அது சார்ஜெண்ட் மாதிரி ஒரு பதவி. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியில் படைக்காரப் பேர்கள் கச்சேரிக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொண்டன. படையில் குதிரை போய்ப் பேர் தங்கியது. கச்சேரிக்கோ வெறும் பேர் மட்டும் வந்து சேர்ந்தது. தபேதார் மார்பில் குறுக்கே போகிற டவாலியும் தோல்வாரைக் குறிக்கிற பாரசீகச் சொல்லின் வழி வந்ததுதான்.

ஆக, பேட்டைக்காரரே, ஸ்நானப்பிராப்தி இல்லை என்கிறீர்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அறை வாசலில் நிற்கிறாரே, அவர் யார்? சவாரி, லகான், லாயம் என்று நாம் தினமும் பேசுகிறோமே, அவை எங்கிருந்து வந்தன? சேரன்மகாதேவி பஸ்ஸில் ‘ஒரு சவாரி போயிட்டு வந்தேன்’ என்கிறவன் குதிரையையா பார்த்தான்?

18 ஜூன்

குதிரைப்படை எல்லாம் வடக்கத்தி சமாசாரம் என்று சொன்னதற்குப் பதில்.

இன்றைய கவசப்படையில் மிகப் பழைய ரெஜிமெண்ட் 16-வது லைட் கேவல்ரி. 1776-க்கு முன்பே ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படையாக இருந்து கும்பினிக்குக் கைமாறியது. 7, 8, 16 ஆகிய மூன்று லைட் கேவல்ரிகளும் மதராஸ் குதிரைப்படையின் பிள்ளைகள். பிற்பாடு ‘போர் இனம்’ என்று வெள்ளைக்காரன் ஒரு கணக்குப் போட்டு, ஆளெடுக்க வடக்கே போனான். தெற்கத்திக்காரனுக்குக் குதிரை ஏறத் தெரியாது என்ற பேச்சு அதற்கு அப்புறம் வந்ததுதான். இன்று 16-ல் நம்மாட்கள் நிறைய.

குதிரையிலிருந்து இறங்கியது 1938-ல் சிந்து ஹார்ஸிலிருந்து தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் ஒவ்வொரு ரெஜிமெண்டாகக் குதிரையை ஒப்படைத்துவிட்டு வண்டி வாங்கியது. பேரை மட்டும் யாரும் ஒப்படைக்கவில்லை. ‘பூனா ஹார்ஸ்’ என்ற பேரில்தான் 1965-ல் தாராபூரும், 1971-ல் அருண் கேத்தர்பாலும் டாங்கியில் பரம்வீர் சக்கரம் வாங்கினார்கள், இருவரும் இறந்தபின்.

உண்மையிலேயே குதிரை வைத்திருப்பது இரண்டுதான். ஒன்று ஜெய்ப்பூரில் இருக்கிற 61-வது கேவல்ரி. சமஸ்தானங்களின் குதிரைக்காரர்களைச் சேர்த்து 1953-ல் உருவானது. மற்றது ஜனாதிபதி மெய்க்காப்பாளர் படை. 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் 50 குதிரைக்காரர்களை வைத்து ஆரம்பித்தது. இவர்களைப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள், பாராசூட்டில் குதிக்கிற பயிற்சி பெற்றவர்கள்.

குதிரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு போலந்து உதாரணம். 1939-ல் ஈட்டியோடு ஜெர்மன் டாங்கியைக் குத்தப் போய் அழிந்தார்கள்.

20 ஜூன்

திருத்தம். மேலே கடைசியாக எழுதியது தப்பு. அகமதுநகரில் பயிற்சி கொடுத்த உஸ்தாத் சொன்னதை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். 1939 செப்டம்பர் 1 அன்று க்ரோயாந்தி என்ற ஊர்ப்பக்கம் போலந்துக் குதிரைப்படை பாய்ந்தது ஜெர்மன் காலாட்படைமேல். அவர்களைச் சிதறடிக்கவும் செய்தது. பிறகு வந்த கவச வண்டிகள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதில் குதிரைகளும் ஆட்களும் விழுந்தார்கள். டாங்கியை ஈட்டியால் குத்தினார்கள் என்பது ஜெர்மன்காரன் பரப்பிவிட்ட கதை. அந்த ஜெர்மன்காரனே அந்த யுத்தம் முழுக்க லட்சக்கணக்கான குதிரைகளை வைத்துத்தான் பீரங்கியும் ரொட்டியும் இழுத்தான். படத்தில் டாங்கியை மட்டும் காட்டினான்.

உஸ்தாத் சொன்னார் என்றால் அப்படியே நம்புகிற வயது அது.

25 ஜூன்

இப்போது நம் சீமைக்கு வருகிறேன். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தாமிரபரணி கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த ‘காயல்’ அந்தப் பக்கம்தான். ஹோர்முஸ், கீஷ், ஏடன் எனப் பல துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. வந்ததில் முக்கியமான சரக்கு குதிரை. பாண்டிய அண்ணன் தம்பிகள் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டாயிரத்துக்குமேல் வருடந்தோறும் வாங்கினார்கள் என்கிறார் போலோ. வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம்.

ஏன் மிஞ்சவில்லை? குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் கட்டுகிறவன் இல்லை. தீனியும் சரியில்லை, சோற்றையும் கறியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள். நல்ல குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தால்கூடக் கால் வளைந்த குட்டிதான் பிறந்தது என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார், அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்: வியாபாரிகள் லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடவே மாட்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம்.

வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரும் இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கடலில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தம்.

பெரிய படை வைத்திருந்தோம் என்று நாம் மார்தட்டுகிற காலம் அது.

25 ஜூன், அரை மணி கழித்து

கறிச்சோறு பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். போலோ எழுதியது அப்படி. வஸ்ஸாஃப் சொல்வது வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சிய பசும்பால். இரண்டில் எதைப் போட்டாலும் குதிரைவண்டி ஓட்டிய என் தாத்தா அடித்துத் துரத்தியிருப்பார். குதிரை வாந்தி எடுக்க முடியாத பிராணி. தப்பான தீனி உள்ளே போனால் வயிறு உப்பிச் செத்துப்போகும்.

27 ஜூன்

மாணிக்கவாசகரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மூன்று பேர். விடவில்லை, வரிசையில் நிற்கிறார். பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்தனுப்பினான், அவர் கோயில் கட்டினார், சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தார், ராத்திரி அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டன. பட்டாளத்துக் கண்ணோடு பார்த்தால் இது ஒரு கொள்முதல் தணிக்கைக் கேஸ். ஸ்டாக் ரெஜிஸ்டரில் குதிரை, லாயத்தில் நரி. விசாரணைக் கமிஷன் வைத்திருந்தால் இன்னும் முடிந்திருக்காது.

விளையாட்டு போகட்டும். மதுரையில் இன்றும் ஆவணி மூலத்தில் நடத்துகிற அளவுக்கு அந்தக் கதை மனதில் ஒட்டியிருக்கிறது என்றால், குதிரை வாங்கி ஏமாந்த ஞாபகம் இந்த நாட்டுக்கு நிறைய இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

மேலப்பாளையம் நண்பர் ஒருவர் ஞாபகப்படுத்தினார்: ராவுத்தர் என்றால் குதிரைவீரன் என்று தமிழ் அகராதியே சொல்கிறது. மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் ராவுத்தன் என்று கூப்பிடுகிறார். கடையநல்லூரிலும் தென்காசியிலும் எத்தனை ராவுத்தர் வீடுகள்! பேட்டைக்காரரே, உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

2 ஜூலை

தாத்தா பேச்சு வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

என் தாத்தா ஜங்ஷனில் ஜட்கா ஓட்டினார். ராணி என்று ஒரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை. ஜங்ஷனிலிருந்து டவுன், பாளையங்கோட்டை, பெருமாள்புரம். ஆட்டோ வந்து சவாரி படுத்தபிறகும் எழுபதுகளின் கடைசிவரை ஓட்டினார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஆச்சி சோற்றுத்தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவர் உள்ளே வரமாட்டார். முதலில் சேணத்தைத் தளர்த்துவார், உடனே கழற்றமாட்டார். தெருவில் மெதுவாக இரண்டு நடை நடத்துவார். நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கொக்கிக் கம்பியால் கல் எடுப்பார். முதுகில் கைவைத்துப் பார்ப்பார், சேணம் உரசிய இடத்தில் சூடு இருக்கிறதா என்று. வேர்வை ஆறினபிறகு தண்ணீர். பிறகு ஊறவைத்த கொள்ளு. அதற்கப்புறம்தான் கால் கழுவிவிட்டு உள்ளே வருவார். சோறு ஆறிப்போயிருக்கும். ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஆச்சிதான் சொல்வாள்.

காலையில் சுலோசனா முதலியார் பாலத்துக்குக் கீழே கொக்கிரகுளம் பக்கம் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவார். நான் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலே கரையில் கலெக்டர் ஆபீஸ். வெள்ளை உடுப்புத் தபேதார் ஒருவர் அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. குதிரை இல்லாத தபேதார் மேலே, குதிரையோடு என் தாத்தா கீழே. இது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது, அப்போது எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ.

தாத்தாவைப் பெரிய ஞானி ஆக்கவில்லை. சவுக்கால் அடித்திருக்கிறார், ஏற்றத்தில் ஆள் அதிகம் ஏற்றியிருக்கிறார். பிழைப்பு.

3 ஜூலை

அகமதுநகரில் முதல் நாள் உஸ்தாத் சொன்னது, இது தப்பில்லாத உஸ்தாத்: “முதலில் வண்டி, அப்புறம் நீ.” பாலைவனத்தில் பகல் முழுக்க ஓட்டிவிட்டு வந்து, சாப்பாட்டு மணி அடித்தாலும், சங்கிலிப் பட்டையின் இறுக்கம் பார்த்து, அதன் இணைப்பு ஊசிகள் பார்த்து, காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்து, எண்ணெய் மட்டம் பார்த்த பிறகுதான் தட்டைத் தொடலாம். சக்கரத்தின் மையத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் உள்ளே ஏதோ சரியில்லை. முதல் தடவை கையை வைத்தபோது எனக்கு ராணியின் முதுகுதான் ஞாபகம் வந்தது.

நான் ஓட்டியது முதலில் ஆவடியில் செய்த விஜயந்தா, பிறகு டி-72. டி-72 எஞ்சின் 780 குதிரைத்திறன். தாத்தாவிடம் சொல்லியிருந்தால் கொள்ளுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருப்பார்.

ஒருதடவை ராஜஸ்தானில் ஒரு பயிற்சியின் நடுவில் தூக்கக் கலக்கத்தில் காற்று வடிகட்டியைப் பார்க்காமல், பார்த்ததாக எழுதிவிட்டேன். மறுநாள் மணல்மேட்டில் ஏறும்போது கறுப்புப் புகை, எஞ்சின் மூச்சுத் திணறி நின்றது. பின்னால் வந்த மூன்று வண்டிகளும் நின்றன. நிஜ யுத்தமாக இருந்திருந்தால் நாலும் காலி. தண்டனையாக மணலில் முன்னங்குட்டிக்கரணம் போட்டதில் இன்னும் கழுத்து சரியில்லை. அது என் தப்பு, வண்டியின் தப்பு இல்லை.

பேட்டைக்காரரின் கேள்விக்கு என் பதில் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வாள், தோளில் மாட்டுகிற சங்கிலி, கொடியீட்டி எல்லாம் ஜம்பம், ஒத்துக்கொள்கிறேன். நெருங்கிப் போய் வேவு பார்ப்பது, பக்கவாட்டில் சுற்றிவந்து தாக்குவது போன்ற யுத்த வேலைகள் குதிரையிடமிருந்து டாங்கிக்கு வந்தன என்று பாடத்தில் எழுதுவார்கள், அதுவும் சரி. அமெரிக்காக்காரன் வியட்நாமில் ஹெலிகாப்டரில் போனவனுக்கும் ‘கேவல்ரி’ என்றே பேர் வைத்தான். ஆனால் ஓட்டுகிறவனுக்கு வந்து சேர்ந்த சொத்து, சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கிற அந்த ஒருமணி நேரம். பாண்டியனிடம் குதிரை இருந்தது, அந்த ஒருமணி நேரம் இல்லை.

9 ஜூலை

முதல் உலகப்போரில் நம் குதிரைப்படை பிடித்த ஹைஃபாவை (இன்று இஸ்ரேலில் இருக்கிறது) எழுதச் சொல்கிறார்கள். சுருக்கமாக: 1918 செப்டம்பர் 23. ஜோத்பூர், மைசூர் லான்சர்கள் கார்மேல் மலைக்கும் கீஷோன் ஆற்றுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துப் பாய்ந்து ஊரைப் பிடித்தார்கள். மேஜர் தல்பத் சிங் அதில் இறந்தார். கைதானவர்கள் 1,350 பேர். நம் பக்கம் செத்தவர்கள் 8 பேர். செத்த குதிரைகள் 60, காயம்பட்டவை 83.

டெல்லியில் தீன்மூர்த்தி என்று மூன்று வெண்கலச் சிலைகள் நிற்கின்றன, ஜோத்பூர், மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களுக்காக. 2018-ல் அந்த இடத்துக்கு ஹைஃபா என்ற பேரும் சேர்ந்தது. லீவில் ஊருக்கு வரும் வழியில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மூன்று பேரும் நிற்கிறார்கள். குதிரை ஒன்றுகூட இல்லை.

10 ஜூலை

ஓட்டப்பிடாரம் பக்கத்து வாசகர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். “மதராஸ் குதிரைப்படை என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்தக் குதிரைகள் யார்மேல் பாய்ந்தன?”

பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை எழுப்பினார். மார்ச் 31-ல் கும்பினிப் படை மோதித் தோற்றது, மே 24-ல் கோட்டை விழுந்தது. வெளியேறியவர்களைத் துரத்தியது கும்பினியின் குதிரைக்காரர்கள். எதிரில் நீண்ட ஈட்டியோடு ஓடியவர்கள் நம் ஊர்க் காலாட்கள். குதிரைமேல் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்த நாட்டு ஆட்கள்தான்.

18-ம் தேதி குறிப்பில் ‘பிள்ளைகள்’ என்று நான் எழுதியதை அழிக்கவில்லை. ஆனால் இன்று எழுதினால் அந்தத் தொனியில் எழுதமாட்டேன். என் வம்சாவளியில் குதிரைமேல் இருந்தவனும் உண்டு, கீழே ஓடியவனும் உண்டு என்றால் எந்தப் பக்கம் நின்று பெருமைப்படுவது? நான் ரெஜிமெண்ட் தினத்தன்று எழுந்து நின்று சல்யூட் அடித்தவன். கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போகும்போது கட்டபொம்மன் தூக்குப்பட்ட இடத்தைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டவனும் நான்தான். இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

11 ஜூலை

பேட்டைக்காரர்: “அப்படியென்றால் என் கட்சி ஜெயித்ததா?” இல்லைவே. பாதிதான் என்று முதல் நாளே சொன்னேன்லா.

23 ஜூலை

பழையகாயல் போய் வந்தேன். குதிரை இறங்கிய துறையைப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை. உப்பளம், உடைமரம், சேற்றில் நடக்கிற கொக்கு. கடல் தள்ளிப்போய்விட்டது. டீக்கடையில் கேட்டால், “குதிரையா? பந்தயம் பார்க்க வந்தீங்களா அண்ணாச்சி?” என்றார்கள். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் கொடைக்காகக் குதிரைவண்டிப் பந்தயம். சரி என்று போனேன்.

பந்தயம் முடிந்தபின் ஒரு பையன் மரத்தடியில் குதிரையைக் கட்டிவிட்டு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். வெள்ளைக் குதிரை, நல்ல உயரம். வெளி மாநிலத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தது என்றான். சொன்ன விலையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். குதிரை முன் வலதுகாலைச் சரியாக ஊன்றாமல் நுனியில் வைத்து நின்றது.

கேட்டுக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தேன். லாடம் தேய்ந்து ஒரு பக்கம் ஆடியது, இரண்டு ஆணி இல்லை, குளம்பு வளர்ந்து லாடத்துக்கு வெளியே வந்திருந்தது. உள்ளே ஒரு சரளைக்கல். கையில் கொக்கி இல்லை, சாவியால் எடுத்தேன்.

“லாடம் எப்போ மாத்தின தம்பி?”

“ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி. இங்க அடிக்க ஆள் கிடையாது. வெளியூர்க்காரர் ஒருத்தர் வருவார், இந்தத் தடவை வரல.”

அவனைப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கச் சொன்னேன்.